இரண்டாம் பகுதியில் ஓர் இருமல்

என் அக்கா வாழ்நாளில் எத்தனையோ தடவை இருமியிருப்பாள். அதில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்றைக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். பின்னட்டையில் இசைப்பதிவு மன்றத்தின் தலைவர் பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தொலைவில் எதையோ பார்க்கிறார். அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டிவிட்டேன், அக்காவின் பெயர் எங்கும் கிடையாது. எப்படி இருக்கும்? அவள் அன்றைக்கு இருமவே இல்லை என்று அவள் புருஷனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நான் தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் உட்கார்கிறவள். வந்தவரிடம் நயமாகப் பேசி வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியும். சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள். அந்தத் தொழிலில் எங்களையும் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு என்பது மன்றத்துக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

அக்கா ஓட்டலில் துணி தேய்த்தாள். மாமா பஸ் ஓட்டினார். ஒரு தடவை ஆர்கெஸ்ட்ரா ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோகிற சவாரி வந்தது. ஆள் உயர வாத்தியங்களை எல்லாம் முட்டாமல் மோதாமல் கொண்டு சேர்த்தாராம். சந்தோஷப்பட்டு, கடைசி நாள் கச்சேரிக்கு முன்வரிசையில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள். பியானோ கான்செர்ட்டோ. ஒருத்தர் பியானோவை வைத்துக்கொண்டு ஒரு பக்கம், மேடை நிறைய ஆட்கள் மறுபக்கம், முக்கால் மணி நேரம் வாக்குவாதம் பண்ணிவிட்டுக் கடைசியில் சமாதானமாகிப் போவதுதான் அது என்று மாமா எனக்கு விளக்கினார். எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படிக்கவில்லை.

அக்காவுக்கு அன்றைக்கு நல்ல சளி. முதல் பகுதியை எப்படியோ சமாளித்துவிட்டாள். இரண்டாம் பகுதி மெதுவாகப் போவது. எல்லோரும் அடங்கி, பியானோ மட்டும் தனியாக ஏதோ முனகிக்கொண்டிருந்த நேரத்தில் அவளால் அடக்க முடியவில்லை. இருமிவிட்டாள். மாமா பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்தார். சட்டென்று பிரித்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். சத்தம் வரக்கூடாதென்று மெதுவாகப் பிரித்தார், அதனால் அது நீண்டுகொண்டே போனது.

அந்தக் கச்சேரியைப் பதிவு செய்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. இசைத்தட்டு வந்த பிறகு கடையில் பார்த்து வாங்கி வந்தார்கள். பியானோ மெதுவாகப் போகிறது, அக்கா இருமுகிறாள், மாமா காகிதம் பிரிக்கிறார். நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"பாருடி, பெரிய பெரிய பாடகிங்களுக்கே ரெக்கார்டு வர எத்தனை வருஷம் ஆகுது. நான் ஒரே இருமல்ல வந்துட்டேன்" என்றாள் அக்கா.

பிறகு அவள் போய்விட்டாள். சளியால் இல்லை, வேறு வியாதி. போன பிறகு வீட்டைத் துழாவினால் போட்டோக்கள் இருந்தன, குரல் எங்கேயும் இல்லை. யாரும் எடுத்து வைக்கவில்லை. இந்த உலகத்தில் அவளிடமிருந்து மிச்சமிருந்த ஒரே சத்தம் அந்த இருமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தட்டைப் போடுவார். முள்ளைச் சரியாக அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வைப்பார். இருமல் வரும், காகிதம் வரும், முள்ளை எடுத்துவிடுவார். அந்தக் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியில் என்ன நடக்கிறது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதே இடத்தை உரசி உரசித் தட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து போனது. இருமல் கரகரப்புக்குள் அமிழ ஆரம்பித்தது. போனில் பதிவு செய்து பார்த்தேன், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்ல அவ சத்தம் கேக்காதும்மா" என்றார் மாமா.

அந்த நேரத்தில்தான் செவ்விசைப் பதிவுகள் தரநிர்ணய மன்றம் இந்தக் கான்செர்ட்டோவைக் கையில் எடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. மன்றத்தின் வேலை இதுதான்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமாண்டிக் காலத்துப் பியானோ கான்செர்ட்டோ ஒவ்வொன்றுக்கும் எத்தனை பழைய பதிவுகள் இருந்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தலைப்பதிவு என்று அறிவிப்பார்கள். அதைச் சுத்தம் செய்து புதுத் தட்டாக வெளியிடுவார்கள். மற்றவற்றைக் கடையிலிருந்தும் நூலகத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் மன்றத்து வண்டி வந்து வாரிக்கொண்டு போகும். எங்கள் தட்டும் போட்டியில் இருந்தது. மூல நாடா மன்றத்தின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். தேர்வானால் இருமல் முதலான மாசுகள் அகற்றப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தேர்வாகாவிட்டால் வண்டி வரும்.

மாமா தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நான் போனேன்.

மன்றத்துக்குள் சத்தம் கூடாது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளிச் சாக்ஸ். ஊழியர்களுக்கு ரப்பர் செருப்பு. டிக் டிக் என்கிறதென்று எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவிட்டார்கள், அதனால் யாரும் தாமதமாக வந்ததில்லை. மதிப்பீடு நடக்கும்போது கழிப்பறையில் தண்ணீர் திறக்கக்கூடாது, அந்த வாசனையைச் சகித்துக்கொள்வது இசைக்குச் செய்யும் தொண்டு என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். நடைபாதை கறுப்பாக, மெத்தென்று இருந்தது. தோற்றுப்போன தட்டுகளை அரைத்துச் செய்த விரிப்பு என்று வரவேற்பறைப் பெண் கிசுகிசுத்தாள். மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

செயலாளர் மெலிந்த மனிதர். பேசுவதற்கு முன் உதட்டுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்ப்பார்.

"இருமலை வைக்கணும்னு கேக்கறீங்களா?"

"ஆமாங்க. எடுத்துடாதீங்க."

"எடுங்கன்னு மனு வரும். வைங்கன்னு இதுவரைக்கும் வந்ததில்லை. எங்க மாசுப் பிரிவு எவ்வளவு பாடுபடுதுன்னு உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு கச்சேரில கைத்தட்டலைக்கூட எடுத்தோம்."

"அது எதுக்குங்க?"

"கேக்கறவங்க சொந்த அபிப்பிராயம் அது. பதிவுல எதுக்கு?"

மாமா ஒரு நப்பாசையில் கேட்டார். "எடுத்த சத்தத்தையெல்லாம் தனியா வெச்சிருப்பீங்களாங்க? அதுலேருந்து எனக்கு ஒண்ணே ஒண்ணு..."

"அழிச்சுடுவோம். வெச்சிருந்தா சுத்தம் பண்ணினதா எப்படி ஆகும்?"

விதிப்படி சத்தத்தை வைக்க வழியில்லை. கலை அம்சம் என்றால் வைக்கலாம், ஒருமுறை கலை அம்சம் என்று ஆகிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. செயலாளரே மனு எழுதினார். இரண்டாம் பகுதியில் வரும் அந்த மனித ஒலி மன்றத்தின் கவனத்துக்குரியது. அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று தட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் ஜன்னலில் பழைய ரசீதை இப்படித்தான் வாங்கி வைப்போம், திரும்பக் கொடுத்ததாக வரலாறில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இழுப்பறை மூடிவிட்டது.

மதிப்பீட்டு நாளன்று எங்களைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். நீதிபதிகள் மூன்று பேர். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் எதைக் கேட்டாலும் வேகம் அதிகம் என்கிற ஒருவர், அவருக்கு நான் நிதானம் என்று பெயர் வைத்தேன். இடப்பக்கம் வெள்ளைத் தலை அம்மாள் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் அப்போவெல்லாம் என்று ஆரம்பிப்பாள். மூன்று பேரும் ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். முகத்தால் கேட்பது பாமரத்தனமாம்.

தலைவர் தொடக்க உரை ஆற்றினார்.

"ரசிக்கிறவங்க வெளியில இருக்காங்க. நாம இங்க மதிப்பிடறோம். ரசிக்க ஆரம்பிச்சா மதிப்பிட முடியாது. நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து ஒரு கான்செர்ட்டோவைக்கூட ரசிச்சதில்லை. அதுக்கு முன்னாடியும் பெருசா ரசிச்சதா ஞாபகம் இல்லை. அந்தத் தகுதியிலதான் என்னைத் தேர்ந்தெடுத்தாங்க."

முதல் தட்டை எடுத்தார்கள்.

"வேகம் ஜாஸ்தி" என்றார் நிதானம்.

"இன்னும் போடலைங்க" என்றார் செயலாளர்.

"போட்டா ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

போட்டார்கள். ஜாஸ்தியாகத்தான் இருந்ததாம். தட்டு நடைபாதைக்குப் போனது. இரண்டாவது பதிவு எனக்கே நன்றாக இருப்பதாகத் தோன்றியது, ஆனால் வாசித்தவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்கு மதிப்பெண்ணில் பாதி கழித்துவிடுவார்கள், இனிமேலும் அவர்கள் தப்பாக வாசிக்க வாய்ப்பிருக்கிறது என்பதால்.

"வயசானவருங்க. ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க" என்றார் செயலாளர், சிபாரிசு பண்ணுகிற குரலில்.

"நல்ல வாசிப்பு. அவர் கொஞ்சம் ஒத்துழைச்சா அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம்" என்றார் தலைவர். ஒரு மலர்க்கொத்து அனுப்பி நிலவரம் விசாரித்து வரும்படி உத்தரவானது.

"அப்போவெல்லாம் இதை வாசிச்சதே வேற. அதுக்கு முந்தின தலைமுறை அதைவிட நல்லா வாசிச்சாங்க" என்றாள் அம்மாள்.

"அப்போ ரெக்கார்டிங்கே கிடையாதுங்களே" என்று மாமா பின்னாலிருந்து கேட்டுவிட்டார்.

அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அதனாலதான் கெடாம இருக்கு."

செயலாளருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீதிபதிகள் மதிப்பெண்ணோடு புகழ்ச்சிச் சொற்களும் சேர்த்து வழங்குவார்கள். எந்தச் சொல்லும் மலிந்துவிடக் கூடாதென்று வருஷத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். "'ஆத்மார்த்தம்' தீர்ந்துபோச்சுங்க. 'உள்ளொளி' கொஞ்சம் மிச்சமிருக்கு" என்று அவ்வப்போது குனிந்து சொல்வார். தலைவர் யோசித்து, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பார்.

மூன்றாவதாக எங்கள் பதிவு. பியானோக்காரர் இறந்து நெடுநாளாயிற்று, அந்தக் கவலை இல்லை. தலைவர் இந்தப் பதிவைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதியவர். மூல நாடாவே ஓடியது. இரண்டாம் பகுதி வந்தது. தேய்ந்த தட்டில் இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய எனக்கு அந்தத் தெளிவு புதிது. அக்கா பக்கத்து நாற்காலியில் இருமின மாதிரி இருந்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் கண்ணைத் திறந்தார். "இது என்ன சத்தம்?"

செயலாளர் மனுவைப் படித்தார். அறையில் இருந்த எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். இந்தப் பதிவைப் பற்றி அவர் எழுதிய எதிலும் இப்படி ஒரு சத்தம் இருப்பதாக ஒரு வரி இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். தான் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்ட குழாய் தெருவில் வெடித்துக் கிடப்பதைக் காட்டும்போது எங்கள் பொறியாளருக்கு அப்படித்தான் இருக்கும்.

அவர் எழுந்து நின்றார்.

"கடைசில ஒருத்தர் கவனிச்சிருக்கார். நான் இதை எழுதாம விட்டது வேணும்னுதான். யார் கண்டுபிடிக்கறாங்கன்னு பார்க்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன். இது பியானோக்காரரோட விம்மல். வாசிச்சுக்கிட்டே உடைஞ்சு அழுதிருக்கார் அந்த மனுஷன்."

"நிதானமான விம்மல்" என்றார் நிதானம். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லையாம், இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

"அப்போவெல்லாம் இப்படித்தான் அழுவாங்க. இப்ப யாருக்கு அழத் தெரியுது?" என்று அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

'உள்ளொளி' முழுவதையும் அந்த இடத்திலேயே செலவழித்தார்கள். எங்கள் பதிவு தலைப்பதிவானது, விம்மல் கலை அம்சமானது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும்.

"விம்மலுக்கு அப்புறம் ஏதோ கரகரன்னு வருதே, அது மாசு. எடுத்துடுங்க" என்றார் தலைவர்.

மாமா எழுந்துவிட்டார். "ஐயா, அதுவும் சேர்ந்ததுதாங்க. பிரிக்காதீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருப்பார். "அது நான் மிட்டாய் பிரிக்கிற சத்தங்க. இருமினது என் வீட்டுக்காரி. அன்னிக்கு அவளுக்குச் சளி."

ரப்பர் செருப்பு போட்ட ஊழியர்கள்கூட நடப்பதை நிறுத்தினார்கள்.

"உங்க மனைவிக்கு இசைப் பயிற்சி உண்டா?" என்று தலைவர் மிக மரியாதையாகக் கேட்டார்.

"இல்லைங்க. ஓட்டல்ல துணி தேய்ச்சா."

"அப்போ அவங்களால எப்படிங்க சரியா அந்த இடத்துல, அந்தச் சுருதியில இரும முடியும்?"

"சளி இருந்ததுங்க."

"சளி எல்லாருக்கும்தான் வருது. எனக்கு வந்திருக்கு. நான் ஒரு தடவைகூட இப்படி இருமினதில்லை."

நீதிபதிகள் தலையாட்டினார்கள். பாவம், துக்கத்தில் பேசுகிறார் என்று அம்மாள் இரக்கப்பட்டாள். செயலாளர் எங்களை நடைபாதைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் ஜன்னலில் நானும் கெட்டவள் இல்லைதான்.

"இது விம்மல்னா இருக்கும். இருமல்னா மாசு, இன்னிக்கே எடுத்து அழிச்சுடுவாங்க. நீங்க உள்ள சொன்னது பதிவாயிடுச்சு. அது அப்படியே நின்னா இருமல்னு ஆயிடும். மறுத்து எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கு நல்லது."

"என்னன்னு எழுதணும்?"

செயலாளர் எழுதிக் காட்டினார். என் மனைவி மேற்படி கச்சேரியில் இருமவில்லை. இருமியதாக நான் கூறியது துக்கத்தால் ஏற்பட்ட பிரமை.

"மாமா, வேண்டாம்" என்றேன். "செத்தவளை வெச்சு எழுதி வாங்குறானுங்க. வாங்க, போலாம்."

"போனா அவளை அழிச்சுடுவாங்களேம்மா." பேனாவை வாங்கிக்கொண்டு செயலாளரைப் பார்த்தார். "அவ கச்சேரிக்கு வந்திருந்தான்னாவது போட்டுக்கலாங்களா?"

செயலாளர் யோசித்தார். "வந்திருந்தா இருமினாங்களான்னு கேள்வி வரும். வரலைன்னே வெச்சுக்குவோம்."

"அப்போ எனக்குப் பக்கத்து சீட்டு?"

"காலி."

கையெழுத்துப் போட்டார். அவளுடைய பெயரை ஒரு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி நிதானமாக, வளைத்து வளைத்து எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த விரிப்பின் மேல் செருப்பை உரசி உரசி நடந்தேன். ஒருவர் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு விம்மலுக்கு நல்ல காலம். கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். பியானோக்காரர் யாரை நினைத்து அழுதார் என்று இரண்டு கட்சி. முதல் காதலி என்றது ஒன்று, தாய் என்றது மற்றொன்று, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. போட்டிகளில் அந்தக் கான்செர்ட்டோவை வாசிக்கிற பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் விம்மவேண்டும் என்று ஆயிற்று. சீக்கிரம் விம்மியவர்களை எழுப்பி அனுப்பினார்கள். ஒரு பெண்ணுக்கு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், அந்த இடத்தில் நிஜமாகவே உடைந்து அழுதுவிட்டாள். நடிப்பு மிகை என்று கழித்துவிட்டார்கள்.

புதுத் தட்டின் வெளியீட்டு விழாவுக்குப் பொதுமக்கள் என்ற தலைப்பில் எங்களுக்கும் அழைப்பு வந்தது. வாசலிலேயே மாமாவின் பழைய தட்டுக்குப் பதிலாகப் புதியது ஒன்றைக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் பேசினார், பேசினார். மனித இனத்தின் துயரம் முழுவதும் அந்த ஒரு மூச்சில் இருக்கிறது என்றார். விளக்கைக் குறைத்து இரண்டாம் பகுதியை ஒலிக்கவிட்டார்கள்.

அக்கா இருமினாள். கூடம் முழுவதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காகிதச் சத்தம் இருந்த இடத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். அவள் இருமிவிட்டுத் தனியாக இருந்தாள், பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி. மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன். மிட்டாயை எடுத்துப் பிரித்தார், அன்றைக்குப் போலவே சத்தம் வரக்கூடாதென்று மெதுவாக.

முழுக்கூடமும் திரும்பியது. இரண்டு சீருடைக்காரர்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து எழுப்பினார்கள். தட்டு கீழே விழப் பார்த்தது, நான் பிடித்துக்கொண்டேன்.

"பாருங்க" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில், கோபமே இல்லாமல். "இந்த மாதிரி ஆளுங்ககிட்டேருந்துதான் நாங்க இசையைக் காப்பாத்திக்கிட்டிருக்கோம்."

நீண்ட நேரம் கைதட்டினார்கள். வெளியே படியில் உட்கார்ந்து அந்தக் கைத்தட்டலை நாங்களும் கேட்டோம். பிரித்த மிட்டாயை என்ன செய்வதென்று தெரியாமல் மாமா கையிலேயே வைத்திருந்தார். பிசுபிசுத்துப் போனதும் நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி ஆரம்பித்தன. புதுத் தட்டில் அக்காவின் இருமல் தெளிவாகக் கேட்டது. அவள் இருமியதும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைப் பிரிப்பார். மன்றம் எடுத்ததை அவர் கையால் திரும்பப் போடுவார். விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டதால் சில நாள் கொஞ்சம் தாமதமாகிவிடும். "மன்னிச்சுக்கோ" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார். எனக்கு அழுகை வந்தால் சமையலறைக்குப் போய்விடுவேன்.

சில வருஷங்கள் போயின. பழைய தலைவர் இறந்துபோனார், அதனால் அவருடைய நூல்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. நிதானம் தலைவரானார். ஆன உடனே விம்மல் மலிவான உணர்ச்சி, உண்மையான துயரம் சத்தம் போடாது என்று ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் எப்போதிருந்தோ அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவந்தது. விம்மலைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு மறக்கச் சொன்னார்கள்.

ஒரு நாள் மாலை செயலாளர் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். கீழே மன்றத்து வண்டி நின்றது. ஆள் மூப்படைந்திருந்தார், நெஞ்சில் கபம் கட்டி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கனைத்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அன்னிக்கு நீங்க சொன்னது உண்மைன்னு மன்றம் ஏத்துக்கத் தயாரா இருக்கு."

"எதுங்க?"

"இருமினது உங்க மனைவிதான்னு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான் முந்திக்கொண்டேன். "இப்ப எதுக்கு வந்தீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் மறைக்கவில்லை. மறைக்கிற பழக்கம் மன்றத்தில் யாருக்கும் கிடையாது. "விம்மலை எடுக்கணும்னு தலைவர் ஆசைப்படறார். கலை அம்சத்தை விதிப்படி எடுக்க முடியாது. மாசுன்னா எடுக்கலாம். நீங்க இருமல்னு எழுதிக் குடுத்துட்டா இன்னிக்கே இந்தப் பதிப்பை எல்லா வீட்லேருந்தும் திரும்ப வாங்கிடுவோம். உங்களோடதும் சேர்த்து."

மாமா பிளேயர் பக்கம் பார்த்தார்.

"சும்மா இல்லை" என்றார் செயலாளர். "புதுப் பதிப்புல உங்க மனைவி பேரைப் போடறோம்."

"பேரா?" மாமாவின் குரல் மாறியது. "எங்க போடுவீங்க?"

"பின்னிணைப்புல அகற்றப்பட்ட மாசுகள்னு ஒரு பகுதி வரும். நாற்காலி கிறீச்சிட்டது, கதவு சாத்தினது, அப்புறம் உங்க மனைவி. முழுப் பேரும் போடுவோம்."

சொன்னால் வெட்கம், எனக்கே ஒரு நொடி ஆசை வந்தது. அக்காவின் பெயர் அச்சில். அவள் வந்தாள், உட்கார்ந்தாள், இருமினாள் என்று ஒரு பெரிய இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். மாமாவுக்கும் அந்த ஆசை முகத்தில் தெரிந்தது. பேனாவைக் கையில் வாங்கிக்கூடப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் உருளாமல் வைத்தார்.

"என் வீட்டுக்காரி அன்னிக்கு வரவே இல்லைங்க" என்றார்.

"ஐயா, நீங்கதான் அன்னிக்குச் சொன்னீங்க..."

"துக்கத்துல உளறிட்டேன். எனக்குப் பக்கத்து சீட்டு காலி. நீங்கதான எழுதுனீங்க, உங்ககிட்டயே இருக்குமே."

"அது நமக்குள்ள ஒரு ஏற்பாடு. நிஜத்துல அவங்கதானே இருமினாங்க?"

"அவளுக்கு இருமலே வந்ததில்லைங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை."

செயலாளர் கெஞ்சிப் பார்த்தார், விதியை எடுத்துச் சொன்னார், தலைவர் கோபித்துக்கொள்வார் என்றார். அவர் எழுதி வாங்கிய காகிதம் அவரையே மறித்துக்கொண்டு நின்றது. கடைசியில் எழுந்து, தட்டை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

பாதிப் படியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி இருமினார். மாமாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மிட்டாயைப் பிரித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார். நான் குறுக்கே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"பாவம்மா, இருமுறாரு."

"இருமல் இல்லை மாமா" என்றேன். "அது விம்மல். நீங்க உக்காருங்க."